பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க்‌ஷீட்டில் ஒரு பெயர்

கேரளாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிப் படிப்பு, கோயம்புத்தூரில் டிகிரி, அப்புறம் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் என்று திட்டம் போடுபவர்கள் முதலில் பணக் கணக்கில்தான் இறங்குகிறார்கள். என்னைக் கேட்டால் பெயரைப் பாருங்கள். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெயருக்குப் பின்னால் வெறும் 'எம்', டிகிரி மார்க்‌ஷீட்டில் அதே 'எம்' முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது, பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக சர்நேம் கட்டத்தில். நமக்கு மூன்றும் ஒரே ஆள், இன்ஷியல் வழக்கமே இல்லாத ஊரில் அப்படி இல்லை.

கெஜட், பெயர் மாற்றம் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். அக்ஷயா சென்டர் (கேரளாவின் இ-சேவை மையம்) சேச்சிதான், "வில்லேஜ் ஆபீஸ்ல ஒன் அண்ட் சேம் சர்ட்டிபிகேட் வாங்கினா போதும் தம்பி" என்றார். வேறுவேறு வடிவத்தில் இருக்கும் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவைதான் என்று சொல்லும் சான்று அது. சென்டரிலேயே ஆன்லைனில் விண்ணப்பித்தேன். மூன்று வடிவங்களையும் புள்ளி, இடைவெளி உள்பட அப்படியே அடிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன் (அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்).

2022 நவம்பரிலிருந்து நம் மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஏ.பி.எஸ். சான்று (நம் படிப்புச் சான்றிதழ்களை ஜெர்மன் தரப்பில் சரிபார்த்துத் தருவது) இல்லாமல் ஜெர்மன் விசா கிடையாது. ஏ.பி.எஸ். விண்ணப்பத்தோடு வில்லேஜ் ஆபீஸ் சர்ட்டிபிகேட்டையும் இணைத்தேன், பெயரைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. மற்ற எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் பெயர்தான், பிளாக்டு அக்கவுண்ட் (அங்கே செலவுக்கு முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கும் கணக்கு) உள்பட. அதில் 2024 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், அது தனிக் கதை.

குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள், சில இடங்களில் இன்னும் முன்னாலேயே. முந்தைய ஓணம் லீவிலேயே வில்லேஜ் ஆபீஸ் வேலையை முடித்துவிடுங்கள்.