ஹமொக்கில் படுத்தால் முதுகுதான் முதலில் குளிரும்

மார்கழி, தை மாதங்களில் வன்னிக்குள் நெடுந்தூரம் நடந்து, இரவில் மரங்களுக்கிடையில் ஹமொக் என்ற துணித் தொங்குபடுக்கை கட்டிப் படுப்பவர்கள் போர்வையை விட முதுகுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிப்பென்றாலும் உடல் பாரத்தில் அடிப்பக்கம் நசிந்துவிடும். பஞ்சுக்குள் நிற்கும் காற்றுத்தானே சூட்டைப் பிடித்து வைப்பது! அது போனால் வாடைக்காற்று நேரே முதுகில் ஏறும்.

அண்டர்குயில்ட் என்பது பஞ்சோ இறகோ அடைத்த அடிப்போர்வை; ஹமொக்குக்கு வெளியே, கீழ்ப்பக்கமாகத் தொங்குவதால் நசியாது. ஏறிப் படுத்தபின் கூட வந்தவரை அடியில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துணிக்கும் குயில்டுக்கும் இடையில் கை தாராளமாகப் போனால் கயிற்றைச் சற்று இறுக்குங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலும் பஞ்சு நசியும்.

இறகு அடைத்தது பாரம் குறைவு, சின்னதாக மடியும். ஆனால் நனைந்தால் கட்டிபட்டுச் சூடு தராது. இங்கே குளிர் வருவதே மாரி மழையோடு என்பதால், கொஞ்சம் பாரமென்றாலும் செயற்கைப் பஞ்சையே சொல்வேன். மெல்லியதே போதும்.

அண்டர்குயில்ட் வாங்க வசதியில்லையென்றால் ஃபோம் பாய் சரி. தோளையும் மூடும் அகலத்தில் எடுங்கள். அப்புறம், குளக்கட்டில் ஹமொக்கைக் கட்டாதீர்கள், காற்று விடாமல் அடிக்கும்.