ஆஸ்திரேலியச் சிற்றூருக்குக் குடிபோகும் முன் அந்த ஊரின் எண்களைப் படிப்பது எப்படி

ஆஸ்திரேலியாவில் பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை பார்க்கத் தரும் தற்காலிக விசாவான 491 கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது வேலை, அப்புறம் வாடகை வீடு. போகிற ஊர் எப்படிப்பட்டது என்று தேடுகிறவர்கள் குறைவு. தேடினாலும் யூடியூபில் நாலு வீடியோ, வாட்ஸப் குழுவில் "அங்கே நம்ம ஆட்கள் இருக்காங்களா?" என்று ஒரு கேள்வி, அத்தோடு முடிவெடுத்துவிடுகிறார்கள். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கவே மூன்று வருடம் ஆகும், அதுவரை பிள்ளைகள் அங்கேதான் படிக்கப்போகிறார்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் அந்த ஊரில் யார் இருக்கிறார்கள், என்ன படித்திருக்கிறார்கள், எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று நீங்களே பார்த்துவிடலாம். எல்லாம் அரசு இணையதளங்களில் சும்மா கிடைக்கிறது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வெறும் வழிமுறையாகச் சொன்னால் மண்டையில் ஏறாது என்பதால் ஒரு ஊரை வைத்தே சொல்கிறேன். குவீன்ஸ்லாந்தில், கிளாட்ஸ்டன் துறைமுகத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற பிலோயீலா. இது பனானா ஷயரின், அதாவது அந்தப் பெயருள்ள உள்ளாட்சிப் பகுதியின், தலைமை ஊர். வாழைப்பழத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது, முன்பு அந்தப் பக்கம் உழைத்த மஞ்சள் நிற எருது ஒன்றின் பெயர் அது. ஷயரின் பரப்பு 28,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், 2021 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 14,500 பேர்தான். இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள். பக்கத்தில் காலைடு அனல் மின் நிலையம், அதற்கு நிலக்கரி தரும் சுரங்கம், ஊரில் ஒரு இறைச்சித் தொழிற்சாலை, சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள், டாசன் ஆற்றோரம் தியோடோர் பக்கம் பாசனத்தில் பருத்தி. இந்த நாலைந்து வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் பேச ஆரம்பிக்கும்.

முதல் வேலை, எல்லையைச் சரியாகப் பிடிப்பது. ஆஸ்திரேலியப் புள்ளிவிவரப் பணியகத்தின் தளத்தில், அதாவது ஏ.பி.எஸ். தளத்தில், க்விக்ஸ்டாட்ஸ் என்ற பகுதிக்குப் போய் ஊர்ப் பெயரைத் தட்டினால் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பக்கம் வரும். ஊர் மட்டும் ஒன்று, எஸ்.ஏ.2 என்ற சின்ன வட்டாரம் ஒன்று, எஸ்.ஏ.3 என்ற பெரிய வட்டாரம் ஒன்று, ஷயர் தனி. ஒருவர் ஊரின் மக்கள் தொகையைச் சொல்ல, இன்னொருவர் ஷயரின் வேலையின்மையைச் சொல்ல, இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த எல்லையை எடுக்கிறீர்களோ அதைக் கடைசிவரை விடாதீர்கள். என் பழக்கம், தினசரி வாழ்க்கைக்கு ஊர் அல்லது எஸ்.ஏ.2, வேலைக்கு ஷயர். ஆட்கள் ஒரு ஊரில் குடியிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போவது அங்கே சாதாரணம்.

எல்லை காலத்துக்கு ஏற்ப மாறும் என்பதையும் கவனியுங்கள். 2008 மார்ச்சில் குவீன்ஸ்லாந்து உள்ளாட்சிகளை இணைத்தபோது பழைய டாரூம் ஷயரின் வடபாதி பனானாவோடு சேர்ந்தது. 2006க்கும் 2011க்கும் ஷயர் எண்களை நேரே ஒப்பிட்டு "அடேயப்பா, ஊர் வளர்ந்திருக்கிறதே" என்று சொன்னால் தப்பு, வளர்ந்தது எல்லைக்கோடு.

சரி, மக்கள் தொகை. கணக்கெடுப்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஆகஸ்டில் ஒரு செவ்வாய் இரவு. கடைசியாக முடிவுகள் கையில் இருப்பது 2021 ஆகஸ்ட் 10 இரவுக்கு. அந்த இரவு ஒருவர் எங்கே படுத்திருந்தார் என்பது ஒரு கணக்கு, வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்பது இன்னொரு கணக்கு. அந்த வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ எங்கே இருக்கிறாரோ அதுதான் வழக்கமான வசிப்பிடம். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது. ஆகஸ்டில் தெற்கே குளிர், ஓய்வுபெற்றவர்கள் கேரவனை இழுத்துக்கொண்டு வடக்கே வந்துவிடுவார்கள், சுரங்க முகாம்களில் பதினைந்து நாள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களும் இருப்பார்கள். இவர்கள் எல்லாம் முதல் கணக்கில் இருப்பார்கள், இரண்டாவதில் இருக்க மாட்டார்கள். ஆனால் கடையில் வரிசையும் ஆஸ்பத்திரியில் காத்திருப்பும் இவர்களையும் சேர்த்துத்தான். இதற்காகவே குவீன்ஸ்லாந்து அரசின் புள்ளிவிவர அலுவலகம் போவன் பேசின் நிலக்கரிப் பகுதிக்கு, ஷிஃப்டில் வந்து போகும் தொழிலாளர்களையும் சேர்த்த ஒரு மதிப்பீட்டைத் தனியாக வெளியிடுகிறது. சுரங்க ஊருக்குப் போகிறவர்கள் அதைக் கட்டாயம் பாருங்கள். கணக்கெடுப்பு இல்லாத வருடங்களுக்கு ஜூன் 30ஐ ஒட்டிய மதிப்பிட்ட மக்கள் தொகையை ஏ.பி.எஸ். வருடாவருடம் தருகிறது.

மொத்த எண்ணை விட வயதுவாரிப் பட்டியல்தான் ஊரின் கதையைச் சொல்லும். ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். கிராமப்புற ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் 15க்கு மேல் ஒரு பள்ளம் விழும், 25க்கு மேல் கொஞ்சம் எழும். பள்ளத்துக்குக் காரணம் மேல்படிப்பு, அப்புறம் விடுதிப் பள்ளிகள். ராக்ஹாம்ப்டனிலோ டூவும்பாவிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை அங்கேதான் கணக்கில் வரும். பள்ளம் இருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 25 முதல் 39 வரை திரும்ப எழவில்லை என்றால் மட்டும் யோசியுங்கள், படிக்கப்போனவர்கள் திரும்பவில்லை, புதியவர்களும் வரவில்லை என்று அர்த்தம். 0 முதல் 4 வயதுக் கட்டமும் முக்கியம். இன்று அங்கே இருக்கும் குழந்தைதான் மூன்று வருடம் கழித்து உங்கள் பிள்ளையின் பள்ளி தொடர்ந்து நடக்கக் காரணமாக இருக்கும்.

யார் விடுபட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதிக்குடி மக்களில் 2021 கணக்கில் விடுபட்டவர்கள் 17 சதவீதத்துக்கும் மேல் என்று ஏ.பி.எஸ்.ஸே பிறகு நடத்திய ஆய்வில் சொன்னது, ஆகவே ஆதிக்குடியினர் அதிகம் வாழும் ஊர்களில் க்விக்ஸ்டாட்ஸ் எண் உண்மையை விடக் குறைவு. 2021இல் கொரோனாவால் நாட்டின் எல்லைகளும் மூடியிருந்தன, பண்ணை வேலைக்கு வரும் வெளிநாட்டு இளைஞர்கள் அந்த வருடம் மிகக் குறைவு.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிலோயீலா என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த ஈழத்தமிழ்க் குடும்பம்தான். தகப்பன் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2018 மார்ச் 5 விடியற்காலையில் குடிவரவு அதிகாரிகளால் வீட்டிலிருந்து தடுப்புக் காவலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், ஊர்க்காரர்கள் விடாமல் போராடி 2022 ஜூனில்தான் திரும்பி வந்தார்கள். கணக்கெடுப்பு நடந்த அந்த 2021 ஆகஸ்ட் இரவு அவர்கள் இருந்தது பெர்த்தில், காவல் நிபந்தனைகளோடு. நாடு முழுக்க அந்த ஊரின் பெயரோடு சேர்த்தே அறியப்பட்டவர்கள், அந்த இரவு ஊரில் இல்லை. ஒரு அட்டவணையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

"தமிழ் பேசுவோர்" என்ற வரியைத்தான் நம்மவர்கள் முதலில் தேடுவார்கள், தெரியும். நாடு முழுவதும் 2021இல் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 95 ஆயிரம் பேர், பெரும்பாலோர் பெருநகரங்களில். சிற்றூர்ப் பக்கத்தில் தமிழ் 9 என்றோ 14 என்றோ இருந்தால் அதை ஆள் ஆளாக எண்ணாதீர்கள். தனிநபரை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சின்ன எண்களை ஏ.பி.எஸ். வேண்டுமென்றே கொஞ்சம் அசைத்துத்தான் வெளியிடும், கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துப்போகாததும் இதனால்தான். "சிலர் இருக்கிறார்கள்" என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

படிப்புக்கு வருவோம். பட்டதாரிகள் சதவீதம் குறைவு என்றதும் "பின்தங்கிய ஊர்" என்று நம் மனம் சட்டென்று தீர்ப்பெழுதும், அது நாம் வளர்ந்த விதம். இங்கே அப்படிப் பார்க்கக் கூடாது. டேஃப் என்ற அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் படித்தும் அப்ரெண்டிஸாக வேலை கற்றும் சர்ட்டிஃபிகேட் த்ரீ என்ற தொழிற்சான்றிதழ் வாங்கிய எலெக்ட்ரீஷியனோ ஃபிட்டரோ சுரங்கத்தில் வாங்கும் சம்பளம் பல பட்டதாரிகளுக்குக் கிடைக்காது. ஆகவே பட்டம், டிப்ளமா, சர்ட்டிஃபிகேட் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பள்ளியில் கடைசியாக முடித்த வகுப்பு என்ற அட்டவணையை வயதோடு சேர்த்துப் பாருங்கள், பத்தாம் வகுப்போடு நின்றவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள் என்றால் அது அந்தக் காலத்து வழக்கம், இருபத்தைந்து வயதுக்காரர்கள் என்றால் இன்றைய பிரச்சினை. பதில் சொல்லாதவர்கள் எத்தனை சதவீதம் என்பதையும் பார்த்துவிடுங்கள், அந்தக் கட்டம் பெரிதாக இருந்தால் மற்றக் கட்டங்களை அழுத்தி நம்பாதீர்கள்.

சீஃபா என்றொரு ஏ.பி.எஸ். குறியீடு உண்டு, வசதியையும் வசதிக்குறைவையும் அளப்பது, 1000தான் நடு. அதில் நான்கு வகை இருக்கிறது. ஏஜென்ட்கள் ஒன்றை மட்டும் காட்டுவார்கள். சுரங்க ஊர்களில் பொருளாதார வளக் குறியீடு உயர்ந்தும் கல்வி-தொழில் குறியீடு தாழ்ந்தும் இருப்பது சகஜம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஊர் புரியும்.

பள்ளிக்கு மை ஸ்கூல் தளம், ஒவ்வொரு பள்ளியின் விவரமும் அதில் இருக்கும். எல்லோரும் நாப்லான் என்ற நாடு தழுவிய தேர்வின் மதிப்பெண்ணுக்குத் தாவுகிறார்கள், நான் முதலில் பார்ப்பது மாணவர் எண்ணிக்கை, வருடாவருடம். கணக்கெடுப்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், பள்ளிச் சேர்க்கை ஒவ்வொரு வருடமும் ஊரின் நாடியைக் காட்டும். நானூறு பிள்ளைகள் முந்நூறானால் குடும்பங்கள் கிளம்புகின்றன.

இனி வேலை, இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வேலையின்மை விகிதம் 3 சதவீதம் என்றதும் வேலை கொட்டிக்கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். இங்கே கணக்குப்படி வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்தாலே வேலையில் இருப்பவர்தான். அதோடு சின்ன ஊரில் வேலை போனவர் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்திருக்க மாட்டார், வாடகை கட்ட முடியாமல் ஊரை விட்டே போய்விடுவார், அவரோடு வேலையின்மையும் போய்விடும். விகிதம் குறைந்து மக்கள் தொகையும் குறைந்தால் அது நல்ல செய்தி இல்லை. ஆகவே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கை, வேலை பார்க்கிறவர்களும் தேடுகிறவர்களும் சேர்ந்த உழைப்புப் பங்கேற்புச் சதவீதம், வேலையின்மை மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன் எங்கே இருந்தீர்கள் என்றும் கணக்கெடுப்பில் கேட்கிறார்கள், வந்தவர் போனவர் கணக்கு அதில் இருக்கிறது.

மாதாமாதம் செய்தியில் வரும் எண் எஸ்.ஏ.4 என்ற இன்னும் பெரிய வட்டார அளவில்தான் கிடைக்கும். பிலோயீலா சேர்ந்திருக்கும் எஸ்.ஏ.4 மத்திய குவீன்ஸ்லாந்து, அதில் ராக்ஹாம்ப்டனும் கிளாட்ஸ்டனும் இருக்கின்றன. அந்த இரண்டு நகரங்களின் சத்தத்தில் பிலோயீலாவின் குரல் கேட்காது. சிறு வட்டாரத்துக்கு ஜாப்ஸ் அண்ட் ஸ்கில்ஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மதிப்பீடு தருகிறது. அது மதிப்பீடுதான், போக்கு பார்க்க உதவும், ஒரு காலாண்டில் அரை சதவீதம் ஏறி இறங்குவதற்கு அர்த்தம் தேடாதீர்கள். உழைப்பாளர் மூவாயிரம் பேர் உள்ள ஊரில் முப்பது பேருக்கு வேலை போனாலே ஒரு சதவீதம் கூடிவிடும்.

அப்புறம் தொழில்துறை வேறு, செய்யும் வேலை வேறு. சுரங்க நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவர் துறைப் பட்டியலில் சுரங்கம், வேலைப் பட்டியலில் எழுத்தர். ஆள் சப்ளை கம்பெனி மூலம் போகிறவர் சுரங்கத்துக்குள்ளேயே வேலை பார்த்தாலும் நிர்வாக, உதவிச் சேவைகள் என்ற துறைக்குள் போய் விழலாம். அந்தத் துறை ஒரு சுரங்க ஊரில் பெரிதாகத் தெரிந்தால் ஆஃபீஸ் வேலை நிறைய இருக்கிறது என்று ரெஸ்யூமே அனுப்பாதீர்கள். மின்சாரம், எரிவாயு, நீர் துறை நாடு முழுக்க ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், ஒரு ஊரில் அது பல மடங்கு என்றால் அங்கே ஒரு மின் நிலையம் இருக்கிறது, ஊர் அதை நம்பி இருக்கிறது. அந்த நிலையத்துக்கு எத்தனை வருடம் ஆயுள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். இறைச்சித் தொழிற்சாலையோ உற்பத்தித் துறையில் வரும், விவசாயத்தில் தேடினால் கிடைக்காது.

ஆகஸ்ட் என்பதையும் மறக்காதீர்கள். பருத்தி எடுப்பு இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும், கோதுமை அறுவடை அக்டோபர் நவம்பரில். அறுவடைக் கூலியாட்கள் அந்த ஒரு இரவில் அகப்பட மாட்டார்கள். ஆண்டுகளை ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை. 2011 நிலக்கரி உச்சத்தில் இருந்த நேரம், கிளாட்ஸ்டனில் எரிவாயு ஆலைகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். 2016இல் அந்த வேகம் அடங்கிவிட்டது. இரண்டை மட்டும் வைத்துக் கோடு போட்டால் ஊர் சாகப்போகிறது என்று தோன்றும். 2006, 2011, 2016, 2021 நான்கையும் வரிசையாக வைத்தால் அலை தெரியும். 2026 எண்கள் வந்ததும் ஐந்தாவதாக அதையும் சேருங்கள்.

நம்மவர்களுக்கு முக்கியமான அட்டவணை ஆயத்தமாகக் கிடைக்காது, டேபிள்பில்டர் என்ற ஏ.பி.எஸ். இணையக் கருவியில் நீங்களே கட்ட வேண்டும். ஒரு பக்கம் பிறந்த நாடு, ஒரு பக்கம் படிப்பு, இன்னொரு பக்கம் செய்யும் வேலை. வெளிநாட்டில் பிறந்த பட்டதாரிகள் எத்தனை பேர் கூலித் தொழிலாளர் கட்டத்தில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அது ஊருக்கு ஊர் மாறும். எண்கள் சின்னதாகிவிடும் என்பதால் இதை எஸ்.ஏ.4 அளவில் செய்யுங்கள். என் நண்பர் ஒருவர் சிவில் இன்ஜினியர், இதைப் பார்க்காமல் போய் இரண்டு வருடம் கறி வெட்டும் மேடையில் நின்றார். உழைப்பில் கேவலம் எதுவும் இல்லை, ஆனால் தெரிந்து போவது வேறு, போய்த் தெரிந்துகொள்வது வேறு.

வீடு பற்றிச் சுருக்கமாக: காலி வீடுகள் சதவீதம் அதிகம் என்றால் வாடகைக்கு வீடு கிடைக்கும் என்று பொருள் இல்லை. நாடு முழுவதுமே அந்த இரவு பத்தில் ஒரு வீடு ஆளில்லாமல்தான் இருந்தது. சுரங்கக் கம்பெனி வீடுகள், பாழடைந்த பண்ணை வீடுகள் எல்லாம் அதில் அடக்கம். வாடகைத் தளத்தில் இன்று எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு போன் போடுங்கள். ஒன்று பள்ளி அலுவலகத்துக்கு, ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ப்ரெப் வகுப்பில் இந்த வருடம் எத்தனை பிள்ளைகள், அறிவியலுக்கும் கணக்குக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று. இன்னொன்று ஷயர் கவுன்சிலுக்கு, கடந்த வருடம் எத்தனை புது வீட்டுக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று. சிற்றூரில் போனை எடுப்பவர் அவசரப்பட மாட்டார், நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார், பேனாவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.