மலிவாகக் கிடைக்கும் வித்தியாசமான ஸ்போர்ட்ஸ் குரூஸர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் 30,000 பவுண்டு வைத்துக்கொண்டு பழைய ஸ்போர்ட்ஸ் குரூஸர், அதாவது தூங்கக் கேபின் உள்ள வேகமான மோட்டார் படகு, தேடுகிறவர்களுக்கு ஃபேர்லைன் டார்கா, சன்சீக்கர் போன்ற பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தத் தொகைக்கு அவற்றில் கிடைப்பவை பெரும்பாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டியவை. அதே விலைக்கு வயது குறைந்த, கேபின் விசாலமான, ஆனால் பெயரிலோ அமைப்பிலோ கொஞ்சம் விசித்திரமான படகு ஒன்றும் விற்பனைக்கு இருக்கும். அதிகம் பேர் தேடி வராததால் விலை இறங்கியிருக்கும். அப்படிப்பட்ட படகைத் தொடவே கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறிய பட்ஜெட்டில் குடும்பத்தோடு கடலுக்குப் போக அது நல்ல வழி. ஆனால் விசித்திரம் படகின் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கினால் அந்த மலிவு ஒரு வருடம்கூடத் தாங்காது.

இதைத்தான் பலர் கேட்பதில்லை. மேக்ஸம் என்ற அமெரிக்கப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரன்ஸ்விக் நிறுவனம் அதை 2009 இல் நிறுத்திவிட்டது. ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மெர்க்ரூஸர் எஞ்சின். அதற்கு உதிரிபாகமும் தெரிந்த மெக்கானிக்கும் இன்றும் கிடைப்பார்கள். பெயர் மறைந்ததால் படகு முடங்கிவிடவில்லை. இப்போது சீலைன். கிட்டர்மின்ஸ்டரில் இருந்த இந்தப் பிரிட்டிஷ் நிறுவனம் துணிச்சலான யோசனைகளுக்குப் பேர்போனது. மேல்தளம் கொண்ட எஃப்37 படகுகளில் பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் காக்பிட் எனப்படும் பின்புறத் திறந்த பகுதியின் தளமே பின்னோக்கி நீளும். அருமையான ஏற்பாடு. ஆனால் நிறுவனம் 2013 இல் திவாலானது. பெயரை வாங்கிய ஹான்ஸே குழுமம் ஜெர்மனியில் புதிய படகுகளைக் கட்டுகிறது. நீளும் தளத்தில் ஒரு பாகம் போனால் பழைய தொழிற்சாலையின் அலமாரியில் தேட முடியாது, யாராவது புதிதாகச் செய்துதான் தர வேண்டும். எனவே எஞ்சின், அதன் சக்தியைப் புரொபெல்லருக்குக் கொண்டுபோகும் டிரைவ், ஸ்டியரிங் மூன்றும் பொதுவானவையாக இருந்து, வித்தியாசம் கேபின் அமைப்பில் மட்டும் இருந்தால் தைரியமாகப் பேச்சை மேலே நகர்த்தலாம். கண்ணாடி வளைவு, மின்னணுப் பலகை, நகரும் தளம் என்று அந்த ஒரே நிறுவனம் செய்தவற்றில் வித்தியாசம் இருந்தால் ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்காமல் விலை பேசக்கூடாது.

அடுத்த தவறு, பராமரிப்புச் செலவை வாங்கிய விலையை வைத்துக் கணக்கிடுவது. வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 30,000 பவுண்டுக்கு வாங்கிய படகுக்கு 3,000 போதும் என்று நினைத்துவிடுவோம். ஆனால் அது புதிதாக 1,20,000 பவுண்டுக்கு விற்ற படகாக இருந்தால் அதன் டிரைவும், எஞ்சினும், நங்கூர இடத்து வாடகையும் இன்றும் 1,20,000 பவுண்டுப் படகின் கணக்கில்தான் பில் போடும். எஞ்சின் மெக்கானிக் உங்கள் படகு எத்தனைக்குக் கிடைத்தது என்று பார்த்துக் கூலி வாங்குவதில்லை.

ஸ்டெர்ன்டிரைவ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பணம் அதிகம் கரைவது அங்கேதான். வோல்வோ பென்டா 1959 இல் அறிமுகப்படுத்திய இந்த அமைப்பில் எஞ்சின் படகுக்குள்ளும், புரொபெல்லர் தாங்கும் கால் வெளியே தண்ணீரிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, நீர்மட்டத்துக்குக் கீழே, பெல்லோஸ் எனப்படும் ரப்பர் உறைகள் இருக்கின்றன. அவை கிழிந்தால் தண்ணீர் உள்ளே வரும், படகு கட்டிய இடத்திலேயே மூழ்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். கடைசியாக எப்போது மாற்றினீர்கள், பில் எங்கே என்று கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. மெர்க்ரூஸரின் பிராவோ த்ரீ காலில் துருப்பிடிக்காத எஃகு புரொபெல்லர்கள் அலுமினிய உடலோடு உப்புநீரில் சேர்ந்திருப்பதால் அலுமினியம் அரிக்கும் சிக்கல் பலருக்கும் தெரிந்தது. பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வோல்வோவின் கேஏடி வரிசை டீசல்களில் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ள டர்போவோடு பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரும் உண்டு. அது வேலை செய்யாத எஞ்சின் கரையோரம் மெதுவாகப் போகும்போது குறையில்லாததுபோலத் தெரியும், படகு நீர்மேல் எழும்பும்போதுதான் திணறும். அப்புறம் காலைப் பொருத்தியிருக்கும் பின்சுவர்: அதன் நடுவே பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். துளை விளிம்பில் நீர் புகுந்து மரம் ஊறிப்போயிருந்தால், எல்லாவற்றையும் கழற்றிச் சரிசெய்யும் செலவு சிறிய படகின் விலையைத் தொடலாம்.

இந்த இடத்தில் விசித்திரம் சில சமயம் உங்களுக்கே சாதகமாகும். கால் இல்லாமல், எஞ்சினிலிருந்து அடிப்பாகம் வழியாகப் புரொபெல்லருக்குப் போகும் நேரான ஷாஃப்ட் (தண்டு) வைத்த ஸ்போர்ட்ஸ் குரூஸர் அரிது, வேகமும் கொஞ்சம் குறையும், அதனால் மலிவு. ஆனால் பெல்லோஸ் தொல்லை கிடையாது. இரட்டை எஞ்சினுக்குப் பதில் ஒற்றை டீசல் வைத்ததும் அப்படியே: ஒரே எஞ்சின், ஒரே கால், பாதிச் செலவு. நான் பட்ஜெட்டுக்கு வாங்கினால் முதலில் தேடுவது இதைத்தான்.

இரட்டை பெட்ரோல் வி8 வைத்த அமெரிக்கப் படகுகள் எல்லாவற்றையும்விட மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனின் கரையோரங்களில் டீசல் பம்ப் உண்டு, பெட்ரோல் பம்ப் குறைவு. உப்புநீரால் நேரடியாகக் குளிர்விக்கப்படும் எஞ்சின் என்றால் புகையை வெளியேற்றும் பாகங்களான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளையும் ரைசர்களையும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

பழைய உரிமையாளர் தானே செய்த மாற்றங்களைக் கூடுதல் வசதி என்று எண்ணுவதும் தவறு, இது பணத்தோடு நிற்காத தவறு. 2013 ஏப்ரலில் விண்டர்மியர் ஏரியில் ஒரு மோட்டார் குரூஸரில் தூங்கிய தாயும் பத்து வயது மகளும் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். கைக்கு அடக்கமான பெட்ரோல் ஜெனரேட்டரை எஞ்சின் அறையில் வைத்திருந்தார்கள், அதற்குச் சொந்தமாகப் பொருத்திய புகைக்குழாய் கழன்றிருந்தது. ஜெனரேட்டர், ஹீட்டர், கேஸ் அடுப்பு எது பிற்பாடு சேர்க்கப்பட்டிருந்தாலும் தகுதியுள்ள ஒருவர் பார்க்கும்வரை படகில் யாரும் தூங்க வேண்டாம். தேம்ஸ் நதியிலும் நார்ஃபோக் பிராட்ஸ் என்ற உள்நாட்டு நீர்வழிகளிலும் கட்டாயமான போட் சேஃப்டி சான்றிதழ் நான்கு வருடம் செல்லும். 2019 ஏப்ரல் முதல் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அதன் நிபந்தனை. சான்றிதழ் இருப்பதால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

எங்கே ஓட்டப்போகிறோம் என்று யோசிக்காமல் வாங்குகிறவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் தேம்ஸ் மேலுள்ள ஆஸ்னி பாலத்தின் கீழ் உயரம் சுமார் 2.28 மீட்டர்தான். பிராட்ஸில் பாட்டர் ஹைகம் பாலம் அதைவிடத் தாழ்வு. ரேடார் வளைவோ மேல்தளமோ உள்ள படகு அங்கே நின்றுவிடும். மெரினா, அதாவது படகுத்துறை, வாடகை முழு நீளத்துக்கு, பின்னால் ஒட்டிய குளியல் மேடையையும் சேர்த்து அளப்பார்கள். தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவருவதானால் 2.9 மீட்டருக்கு மேல் அகலமான சுமைக்கு முன்கூட்டியே போலீஸுக்கு அறிவிக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வாங்கினால் இறக்குமதி வாட் (மதிப்புக் கூட்டு வரி) 20 சதவீதத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வாங்கும் முன் நிபுணரை வைத்துச் சர்வே (படகுப் பரிசோதனை) செய்தாலே போதும் என்பது பாதி உண்மைதான். படகின் உடலைப் பார்க்கும் சர்வேயர் பொதுவாக எஞ்சினுக்குள் போவதில்லை. அதற்கு வேறொருவர் வேண்டும், எண்ணெய் மாதிரியும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். படகைத் தரையில் ஏற்றி உடலைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடலில் ஓட்டிப் பார்க்கும் கடலோட்டத்துக்கு முன் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் குளிரில் கிளம்பத் திணறுவதை மறைக்கிறார்களோ என்ற சந்தேகம் நியாயமே. முழு வேகத்தில் எஞ்சின் தன் குறிப்பிட்ட உச்சச் சுழற்சியை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அடிப்பாகத்தில் பாசி படிந்திருப்பது முதல் டர்போ பழுது வரை காரணம் இருக்கலாம், எது என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

காகிதம். பின்புறம் பொறித்த 14 எழுத்து அடையாள எண்ணில் கட்டிய ஆண்டும் மாடல் ஆண்டும் தனித்தனியே இருக்கும். விளம்பரத்தில் சொன்ன வயதோடு ஒப்பிடுங்கள். 1998 ஜூனுக்குப் பிறகு சந்தைக்கு வந்த படகு என்றால் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ குறியும் வேண்டும். பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டின் மூன்றாம் பகுதிப் பதிவு, அதாவது சிறு கப்பல் பதிவேடு, உரிமைக்குச் சான்று அல்ல, அதில் கடனும் பதிவாவதில்லை. விற்றுவந்த ரசீதுகளின் சங்கிலியும் வாட் கட்டிய ஆதாரமும்தான் பேசும்.

சரி, விலை. மறுபடி விற்கும்போது உங்களுக்கும் வாங்க ஆள் குறைவாகவே வரும், மாதக்கணக்கில் மெரினா வாடகை ஓடும். அந்த வாடகையையும் சர்வேயில் வந்த பழுதுகளையும் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். பத்து சதவீத முன்பணத்தை, சர்வேயும் கடலோட்டமும் திருப்தியானால் மட்டுமே என்ற எழுத்து ஒப்பந்தத்தோடு கொடுங்கள். அந்த வரியைச் சேர்க்க விற்பவர் மறுத்தால் வேறு படகைப் பாருங்கள்.