கோட்டா முடிந்தது, கேப் எங்கே? பல் மருத்துவ மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாம் ஆண்டில் முதன்முதலாக நோயாளியைத் தொடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் நடந்த தவறுகள் அப்படியே திரும்ப நடக்கின்றன. கை கழுவு, மாஸ்க் போடு, எந்தப் பல் என்று இரண்டு முறை பார் என்பதை எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். காரைக்குடி சுற்றுவட்டாரத்து நோயாளிகளை வைத்துக் கற்றுக்கொடுக்கும் எனக்கு, யாரும் தவறென்றே நினைக்காத சில விஷயங்கள்தான் கவலை.

வேர் சிகிச்சையோடு நோயாளியை விட்டுவிடுவது

இத்தனை வேர் சிகிச்சை (ஆர்.சி.டி.), இத்தனை பல்செட் செய்து முடிக்க வேண்டும் என்று மாணவருக்குக் கோட்டா உண்டு. வேர்க் குழாயை அடைத்து, எக்ஸ்ரே காட்டி, கையெழுத்து வாங்கியதும் அவர் கணக்கில் ஒன்று ஏறிவிடுகிறது. அந்தப் பல்லுக்கு மேலே உறைபோல் மாட்டும் கேப் போடுவது வேறு துறை, வேறு மாணவரின் கோட்டா. நடுவில் நோயாளி காணாமல் போகிறார். வலி நின்றுவிட்டதால் அவரும் வைத்தியம் முடிந்தது என்றே நினைக்கிறார்.

கடைவாய்ப் பல்லில் இது பல்லுக்கே உலை வைத்துவிடும். சொத்தை ஏற்கெனவே ஒரு பக்கத்தைத் தின்றிருக்கும். வேருக்குள் போக நாமும் மேலே திறக்கிறோம். மிச்சம் நிற்பது மெல்லிய சுவர்கள். மெல்லும் அழுத்தம் அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளும். கேப் சுற்றிப் பிடித்துக்கொண்டால்தான் தாங்கும். தற்காலிக அடைப்போ சில வாரங்களில் தேய்ந்து கசியும். எச்சிலோடு கிருமி இறங்கினால் செய்த வேர் சிகிச்சையும் வீண்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். கீழ் வலது முதல் கடைவாய்ப் பல். எக்ஸ்ரேயில் வேர் அடைப்பு நுனிவரை அவ்வளவு சுத்தம். பல் மட்டும் இரண்டாகப் பிளந்து, பிளவு ஈறுக்குக் கீழே எலும்புவரை போயிருந்தது. "சீப்புச் சீடைதான் கடிச்சேன் தம்பி, டப்புன்னுச்சு. அன்னைக்கு எல்லாம் சரியாப் போச்சுன்னு சொன்னீகளே?" என்றார். கேப் போடச் சொன்னார்களா என்று கேட்டேன். "அப்படி ஒண்ணும் சொல்லலையே." பழைய சீட்டின் கடைசி வரி: வேர் அடைப்பு முடிந்தது. அதற்குக் கீழே வெறும் தாள். பலமுறை பஸ் ஏறி வந்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்து அவர் காப்பாற்றிக்கொண்ட பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த மாணவரின் கைவேலையில் ஒரு குறையும் இல்லை; பல்லைப் பார்த்தவர் ஆச்சியைப் பார்க்கவில்லை.

பல்லைத் திறக்கும் முன்பே கேப்பையும் சேர்த்துப் பேசுங்கள்: எத்தனை நடை வர வேண்டும், லேபுக்கு எவ்வளவு ஆகும். இப்போது பணம் இல்லை என்றால், பல்லின் மேல்முனைகளைக் குறைத்து அவற்றையும் மூடும்படி நிரந்தர அடைப்பு வையுங்கள். கேப் நிற்கவே வழியில்லாத பல் என்றால் வேர் சிகிச்சை தொடங்கலாமா என்றே முதலில் கேளுங்கள். கேப் போடப்போகும் மாணவரின் பெயரும் தேதியும் சீட்டில் இருந்தால்தான் நான் இப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

தேர்வில் செய்துகாட்ட நோயாளியைத் தள்ளிப்போட்டு 'வைத்திருப்பது'

கூடாது. இன்று எடுக்க வேண்டிய பல்லை இன்றே எடுங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

ரத்தம் உறையாமல் இருக்க இதய நோயாளி சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு பல் எடுத்த இடத்து ரத்தத்தை அழுத்திப் பிடித்து, தேவையானால் தையல் போட்டு நிறுத்தலாம். இதய ரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து.

வெற்றிலைக் கறையைச் சுரண்டிவிட்டு அனுப்புவது

பல் சுத்தம் செய்ய வந்தவரின் கன்னத்தையும் நாக்கின் அடியையும் பாருங்கள். அவருடைய மூன்று விரல் வாய்க்குள் நுழைகிறதா? காரம் பட்டால் எரிகிறது என்கிறாரா? கன்னம் வெளுத்து, தொட்டால் நார்போல் இறுகியிருக்கிறதா? பாக்கு போடுபவர்களுக்கு வரும் இந்த இறுக்கம் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடும். வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ தெரிந்தால் அன்றே வாய்நோய்ப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால், பலர் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறார்கள்.