புது டீசல் பிக்கப் இழுக்கவில்லையா? ஸ்கேன் முதல் ஜாப் கார்டு வரை

வாங்கிச் சில மாதம்கூட ஆகாத பிக்கப், மேடு வந்தால் திணறுகிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டால் "ரீஜென் போட்டாச்சு, ஓகே" என்று திருப்பித் தருகிறார்கள். (ரீஜென் என்றால் புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது.) பதினைந்தே நாளில் அதே விளக்கு. பிஎஸ்6 (புகை அளவைக் கட்டுப்படுத்தும் இந்திய விதி) டீசல் வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பொலேரோ பிக்கப், இன்ட்ரா, தோஸ்த் மாதிரியான 12 வோல்ட் டீசல் வண்டிகளுக்குக் கீழே சொல்லும் முறை பொருந்தும். பெட்ரோல், சிஎன்ஜி வண்டிக்காரர்கள் நேராக ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டு) பகுதிக்குப் போய்விடலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் சைலன்சருக்கு முன்னால் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. பழைய வண்டியில் டர்போ ஹோஸ் லீக்கானால் பின்னால் கறுப்புப் புகை வரும், மெக்கானிக் பார்த்ததுமே சொல்லிவிடுவார். இப்போது அந்தப் புகை வெளியே வருவதில்லை, கரி முழுவதும் டிபிஎஃப்புக்குள் போய் அடைகிறது. அதனால் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் டிபிஎஃப்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டக் கூடாது. அதற்கு முன்னால் எங்கேயோ ஒன்று கரியைக் கூடுதலாகத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் டிபிஎஃப்பை மட்டும் எரித்துச் சுத்தம் செய்தால் மறுபடியும் அடைக்கத்தான் செய்யும்.

1. எந்த விளக்கு?

சிவப்பில் ஆயில் டப்பாவோ டெம்பரேச்சரோ எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி ஆஃப் செய்யுங்கள், இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள். மஞ்சள் டிபிஎஃப் விளக்கு மட்டும் நிலையாக எரிந்தால் ஓட்டியே சரிசெய்ய வாய்ப்பு உண்டு, நான்காம் படியில் சொல்கிறேன். டிபிஎஃப் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, கூடவே செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் ஏறவில்லை என்றால் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பவரைக் குறைத்துவிட்டது. அந்த நிலையில் பைபாஸில் விரட்டிப் பார்க்க வேண்டாம்.

விளக்கு எரிந்தவுடன் டேஷ்போர்டை ஓடோமீட்டர் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். பிற்பாடு வேலைக்கு ஆகும்.

2. கையாலேயே பார்க்க வேண்டியவை

இன்ஜின் ஆறியபின், சமதளத்தில் நிறுத்தி:

ஆயில் டிப்ஸ்டிக். எல்லோரும் ஆயில் குறைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இங்கே ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கரியை எரிப்பதற்காக இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைப் பீச்சும். வேலை முடியாமல் நடுவில் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால், அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். அளவு மேல்கோட்டைத் தாண்டி, மோந்தால் டீசல் வாடை அடித்தால், ஆயில் மாற்றும்வரை ரீஜென் முயற்சியே கூடாது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும். அளவு மிஞ்சிய ஆயிலை இன்ஜின் தானே உறிஞ்சி எரிக்க ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் அணையாது.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த ஹோஸ்கள். உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருப்பது சகஜம். கிளிப் ஓரத்தில் வெளிப்பக்கம் ஈரமாகப் புழுதி அப்பிக்கொண்டு கோடு போட்டிருந்தால்தான் கவலை. கிளிப்பைக் கையால் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. லோடோடு மேடு ஏறும்போது "உஸ்ஸ்" என்று சத்தம் கேட்டால் கிட்டத்தட்ட இதுதான்.

டிபிஎஃப் பிரஷர் சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள். டிபிஎஃப்பின் முன்பக்கமிருந்து ஒன்று, பின்பக்கமிருந்து ஒன்று. இரும்புக் குழாயில் செருகும் முனையில் சூட்டில் இறுகி வெடித்திருக்கும். குடோன் ஓரம் இரவில் நிற்கும் வண்டியில் எலி கடித்தும் இருக்கும். சின்னக் குழாய்தான், ஆனால் டிபிஎஃப் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுவதே இதை நம்பித்தான்.

டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள தண்ணீர் வடிக்கும் திருகு. கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். நின்றால் அந்தப் பாட்டிலையும் பங்க் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். இன்ஜெக்டர் வாரண்டி கிளைமை "கலப்பட டீசல்" என்று தள்ளும்போது பேசுவதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

கடைசியாக, சைலன்சர் வாயை ஒரு வெள்ளைத் துணியால் உள்ளே துடையுங்கள். டிபிஎஃப் நன்றாக இருக்கும் வண்டியில் துணி பெரிதாகக் கறுக்காது. கரி அப்பினால் டிபிஎஃப் உள்ளே வெடித்திருக்கலாம். புது வண்டியில் அது நேராக வாரண்டி விஷயம்.

3. ஸ்கேன்: படியுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறைப் படிக்க ஸ்கேனரைச் செருகும் 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகி போனோடு இணைக்க இஎல்எம் 327 ப்ளூடூத் அடாப்டர் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ வகை வாங்க வேண்டும். பழைய ப்ளூடூத் வகை ஐபோனில் சேராது. செயலிகளில் என் ஓட்டு கார் ஸ்கேனருக்கு. டார்க் செயலியில் மீட்டர் அழகாக இருக்கும், ஆனால் இந்த வேலைக்குத் தேவையானதை எடுக்க நாலு இடம் தேட வேண்டும்.

சாவியை ஆனில் வையுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கோடுகளை, அதாவது கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீடுகளைப் படியுங்கள். நிலையான கோடு, பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாதது) இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அடுத்து ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தைத் திறங்கள். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, ஸ்பீடு எவ்வளவு, இன்ஜின் லோடு எத்தனை சதவீதம், கூலன்ட் சூடு என்ன என்று அங்கே உறைந்து நிற்கும். 'வண்டி இங்கே ஓட்டினால் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லும் சர்வீஸ் அட்வைசருக்கு இதைவிடப் பெரிய பதில் கிடையாது.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இதற்கடுத்த இடத்தில். செயலியில் 'கோடு அழி' பொத்தான் கண்ணுக்கு நேரே இருக்கும். அழுத்தினால் விளக்கு அணையும், ஓரிரு நாள் வண்டி நன்றாகவும் ஓடும். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கும். சர்வீஸ் சென்டர் ஸ்கேனரில் அது "12 கி.மீ." என்று காட்டினால், நீங்களோ வெளி மெக்கானிக்கோ கை வைத்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பல வண்டிகளில் பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் இதே கதைதான். விளக்கு எரிந்த நிலையில் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதற்கும் கணக்கு உண்டு, 900 கி.மீ. ஓட்டிவிட்டு "நேத்துதான் எரிஞ்சுது" என்றால் எடுபடாது.

அடிக்கடி வரும் கோடுகள்: பி0299 டர்போ காற்றழுத்தம் போதவில்லை, முதலில் ஹோஸைப் பாருங்கள். பி0401 இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) ஓட்டம் குறைவு. பி0087 டீசல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரியும் குழாய்) அழுத்தம் குறைவு, ஃபில்டர் அல்லது டீசலில் தண்ணீர். பம்ப் கடைசிச் சந்தேகம். பி2452 டிபிஎஃப் பிரஷர் சென்சார் சர்க்யூட். பி2463 கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது. பி2463 தனியாக வந்தால் ஓட்டும் விதம் காரணமாக இருக்கலாம். பி0299-உடன் சேர்ந்து வந்தால் குற்றவாளி பெரும்பாலும் பி0299.

டிபிஎஃப் அழுத்த வித்தியாசத்தை உங்கள் வண்டி செயலியில் காட்டினால், இன்ஜின் ஓடாதபோது அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஓடாத இன்ஜினில் எண் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. ரெய்ஸ் செய்யும்போது எண் ஏற வேண்டும். அசையவே இல்லை என்றால் குழாய் கழன்றோ அடைத்தோ இருக்கிறது.

4. ஓட்டியே எரிப்பது

நிலையான டிபிஎஃப் விளக்கு மட்டும், ஆயில் அளவு சரி, வேறு கோடு இல்லை. அப்போதுதான் இது. டேங்க்கில் கால்வாசிக்கு மேல் டீசல் வேண்டும். ரிசர்வ் விளக்கு எரிந்தால் பல வண்டிகள் ரீஜெனைத் தொடங்கவே தொடங்காது. இன்ஜின் நன்றாகச் சூடானபின், நிற்காமல் போகக்கூடிய சாலையில் 50–60 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல், ஒரு கியர் குறைத்து சுமார் 2000 ஆர்பிஎம்மில் வைத்து 20 முதல் 30 நிமிடம். கொஞ்சம் லோடு இருந்தால் நல்லதே. டிபிஎஃப் உள்ளே ஏறத்தாழ 600 டிகிரி சூடாகும். ஐடில் லேசாக ஏறியிருப்பது, ரேடியேட்டர் ஃபேன் விடாமல் ஓடுவது, சூடான வாடை எல்லாம் ரீஜென் நடப்பதற்கு அடையாளம். அந்த நேரத்தில் வைக்கோல், சருகு, காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். களத்துக்குள் ஓட்டிப் போகும் வண்டிக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

வண்டியில் பார்க் ரீஜென் (நிறுத்தி வைத்தே எரிக்கும்) சுவிட்ச் இருந்தால் திறந்த வெளியில், நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு மட்டும் செய்யுங்கள்.

வாட்டர் கேன் போடும் வண்டிகள் தெருவுக்குத் தெரு நின்று, இன்ஜினை அணைக்காமல் இறக்குகின்றன. அவற்றில் எந்தக் கோளாறும் இல்லாமலே டிபிஎஃப் அடைக்கும். வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நாள் முழுக்க ஊருக்குள்ளேயே ஓடும் தொழிலுக்கு டீசல் பிக்கப்பே தப்பான தேர்வு என்பது என் கருத்து.

5. ஜாப் கார்டு

'பிக்கப் இல்லை, செக் பண்ணவும்' என்று எழுத விடாதீர்கள். அந்த வரிக்கு "செக் செய்தோம், ஓகே" என்று எழுதி மூடிவிடலாம். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இன்ஜின் சூடானபின், சுமார் 1 டன் லோடுடன் மேட்டில் 3-ஆம் கியரில் 2000 ஆர்பிஎம்-க்கு மேல் ஏறவில்லை. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. கோடு பி0299, பி2463. 4,310 கி.மீ. கோடு வந்த காரணத்தைக் கண்டறிந்து எழுதவும்."

கடைசி வாக்கியம்தான் உயிர். இரண்டாம் முறை போனால் 'ரிப்பீட் புகார்' என்று அதே கார்டில் ஏற வேண்டும், பழைய ஜாப் கார்டு எண்ணும் வேண்டும். முடிந்தால் லோடோடு போங்கள். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து மேடு ஏற்றிக் காட்டுங்கள். காலி வண்டியை யார்டுக்குள் ஒரு சுற்று சுற்றினால் எந்தக் கோளாறும் தெரியாது.

வண்டியை எடுக்கும்போது கேட்க வேண்டியவை: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், ரீஜெனுக்கு முன்பும் பின்பும் கரி அளவு, சாஃப்ட்வேர் மாற்றியிருந்தால் அந்த விவரம், உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி. ஓட்டிப் பார்க்காமல் "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

"டிரைவிங் ஸ்டைல், வாரண்டி கிடையாது" என்றால் சண்டை வேண்டாம், அதையே எழுத்தில் கேளுங்கள். பல சமயம் எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள், பேச்சு அங்கேயே மாறும். "சாம்பல் அடைத்துவிட்டது, டிபிஎஃப் மாற்ற வேண்டும்" என்று 10,000 கி.மீ.-க்குள் சொன்னால் நம்பாதீர்கள். எரியாத சாம்பல் ஆயிலிலிருந்து வருவது, சேர நெடுந்தூரம் ஓட வேண்டும். சாம்பல் குறைந்த டிபிஎஃப் ஆயில்தான் ஊற்றினார்களா என்று பில்லில் கிரேடைப் பாருங்கள்.

டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. சட்டப்படி தவறு, வாரண்டியும் அன்றோடு போச்சு. ஏர் ஹார்ன், கூடுதல் எல்இடி விளக்குக்காக ஒயரை வெட்டி ஒட்டுவதும் எலக்ட்ரிகல் கிளைமுக்கு ஆபத்து.

6. மசியவில்லை என்றால்

ஒர்க்ஸ் மேனேஜர், பிறகு கம்பெனியின் கஸ்டமர் கேரில் புகார் எண், பிறகு ஏரியா சர்வீஸ் மேனேஜருக்கு மெயில், அதன்பின் கம்பெனிப் பதிவு அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். இதற்கிடையில் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம்.

"கமர்ஷியல் வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் போக முடியாது" என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். அரைகுறை உண்மை. சொந்த உழைப்பில் பிழைப்புக்காகவே வாங்கியது வணிக நோக்கமாகாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்கிறது. இதற்கு அடிப்படையான 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கு. லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று அதிலேயே உதாரணம் இருக்கிறது. ஐந்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு இது கடினம்.

வண்டி விலை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 5 முதல் 10 லட்சத்துக்கு 200 ரூபாய், 10 முதல் 20 லட்சத்துக்கு 400 ரூபாய். டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடக் கெடு. சோதித்துப் பார்க்காமல் தெரியாத குறை என்றால் ஆணையமே பரிசோதனைக்கு அனுப்பும். அப்போது முதல் விளக்கு போட்டோவும் ஃப்ரீஸ் ஃப்ரேம் ஸ்கிரீன்ஷாட்டும் அழியாமல் இருக்க வேண்டும். வண்டி நின்ற நாட்களில் வேறு வண்டி வாடகைக்கு எடுத்த பில்களையும் சேர்த்து வையுங்கள்.

பிற்சேர்க்கை

புகையைச் சுத்தம் செய்யும் திரவத்துக்கு நீல மூடி டேங்க் உள்ள வண்டிகளைப் பற்றிப் பலர் கேட்டதால்: அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியாக் கரைசல், ஐஎஸ்ஓ 22241 என்று கேனில் இருக்க வேண்டும். தண்ணீர் கலந்தால் பவர் குறைப்பு இதனாலும் வரும். உர யூரியாவைக் கரைத்து ஊற்றவே கூடாது. இந்தக் கரைசலைத் தவறி டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். சாவி ஆனிலேயே சில வண்டிகளில் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். டேங்க்கை இறக்கிக் கழுவினால் அதோடு போகும், பம்ப் வழியாக இன்ஜெக்டர்வரை போய்விட்டால் செலவு பல மடங்கு.