கல் நிற்கும் இடமும் ஒரு வாக்குமூலமே: கெட்டிஸ்பர்க் ரெஜிமென்ட் நினைவுச்சின்னங்களைப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரைச் சுற்றி நடந்த சண்டையின் நினைவாக, அங்குள்ள வயல்களிலும் குன்றுகளிலும் சாலையோரங்களிலும் இன்று 1,300-க்கும் மேற்பட்ட சின்னங்கள் நிற்கின்றன. அவற்றுள் மிகப் பல தனித்தனி ரெஜிமென்ட்டுகளுக்கு உரியவை. ரெஜிமென்ட் என்பது ஒரு மாநிலம் திரட்டி அனுப்பிய, கணக்கில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட படை. ஆனால் கெட்டிஸ்பர்க்கை வந்தடைந்தபோது பல ரெஜிமென்ட்டுகளில் முந்நூறு, நானூறு பேரே எஞ்சியிருந்தனர். அந்தச் சிலரிலும் உயிர்தப்பியவர்கள், இருபது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, தாங்கள் நின்ற இடத்தைக் காட்டுவதற்காக நிறுத்திய கற்களே இவை. இதை மனத்தில் கொள்ளாமல் பார்ப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் தவறு, இவற்றைக் கல்லறைகள் என்று எண்ணுவது. தமிழில் எழுதுவோர் சிலர் ‘நடுகல்’ என்ற அழகான சொல்லை இங்கே பொருத்திப் பார்க்க விரும்புவர். ஆனால் நடுகல் பட்ட வீரனுக்கு எடுப்பது, இதுவோ அவனோடு நின்று பிழைத்தவர்கள் தங்கள் அணி முழுவதற்கும் எடுத்தது. இந்தக் கற்களின் அடியில் யாரும் புதைக்கப்படவில்லை. வடபகுதி ஒன்றியப் படையின் மாண்ட வீரர்கள் 3,500-க்கும் மேற்பட்டோர், லிங்கன் 1863 நவம்பர் 19 அன்று உரையாற்றிய தேசிய வீரர் கல்லறையில் இருக்கின்றனர். தென்பகுதிக் கூட்டமைப்புப் படையினரின் எச்சங்களோ போர்க்களத்திலேயே பல ஆண்டுகள் கிடந்து, 1870-களின் தொடக்கத்தில்தான் தோண்டியெடுக்கப்பட்டு, பெரும்பகுதி ரிச்மண்ட் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

கல்வெட்டில் உள்ள எண்களைப் படிப்பதிலும் இதே போன்ற பிழை நேர்கிறது. ‘இழப்பு’ என்று பொறிக்கப்பட்டிருப்பது கொல்லப்பட்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் அல்லது சிறைப்பட்டோர் ஆகிய அனைவரின் கூட்டுத்தொகை. ஜூலை 2 மாலை, ஒன்றியப் படையின் நடுவரிசையில் விழுந்த இடைவெளியை அடைக்கப் பாய்ந்த 1-ஆவது மினசோட்டா ரெஜிமென்ட்டின் சின்னத்தில், 262 பேரில் 215 பேர் வீழ்ந்தனர் என்ற கணக்கு உள்ளது. அந்த 215 பேரும் மாண்டதாக எழுதிவிடுவது தவறு. அவர்களுள் காயமுற்றோரும் அடங்குவர். அந்தக் கணக்கிலேயே ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூன்று நாள் சண்டையின் மொத்த இழப்பான ஏறத்தாழ 51,000 என்பதை ‘51,000 பேர் பலி’ என்று எழுதுவதும் இதே தவறுதான். களத்தில் கொல்லப்பட்டோர் அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர்.

இவற்றையெல்லாம்விடக் கனமான தவறு, கல் நிற்கும் இடத்தை ஐயத்துக்கு இடமில்லாத வரலாற்று உண்மையாக ஏற்றுக்கொள்வது. போர்க்களத்தைப் பராமரித்துவந்த நினைவுச் சங்கம், 1880-களில் ஒரு விதியை வகுத்தது: ஒரு ரெஜிமென்ட்டின் சின்னம், அது போர் வரிசையில் நிறுத்தப்பட்டிருந்த இடத்தில்தான் அமைய வேண்டும்; பாய்ந்து முன்னேறிச் சென்ற இடத்தில் அமையக் கூடாது. ஆளாளுக்கு முன்வரிசையைக் கோரினால் களம் குழம்பிவிடும் என்ற அச்சத்தில் பிறந்த விதி அது. பிலடெல்பியாவைச் சேர்ந்த 72-ஆவது பென்சில்வேனியா ரெஜிமென்ட்டின் முதியோர் அதை ஏற்கவில்லை. ஜூலை 3 பிற்பகல், தென்பகுதித் தளபதி பிக்கெட்டின் தாக்குதல் வந்து மோதிய கல்மதிலின் மூலையில் தாங்கள் கைகலந்து போரிட்டதாகவும், சின்னம் அங்கேதான் நிற்க வேண்டும் என்றும் அவர்கள் கோரினர். அந்த ரெஜிமென்ட் முதலில் பின்வரிசையில் நின்றது, முன்னேறுமாறு பிரிகேட் (பல ரெஜிமென்ட்டுகள் சேர்ந்த படைப்பிரிவு) தலைவர் வெப் இட்ட ஆணைக்கு உடனே அசையவில்லை, பிறகே மதிலை நோக்கிச் சென்றது என்பது எதிர்த்தரப்பின் வாதம். வழக்கு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1891-இல் முதியோர் வென்றனர். அதே ஆண்டு மதிலருகில் சின்னம் எழுந்தது.

அந்தச் சின்னத்தின் முன் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். துப்பாக்கியைக் குழல்புறமாகப் பிடித்து, அதன் கட்டையைத் தலைக்கு மேல் ஓங்கி அடிக்கத் தயாராக நிற்கிறான் வெண்கல வீரன். குண்டு நிரப்பவும் நேரமின்றிக் கைக்குக் கை மோதிய கணத்தைக் காட்டும் தோற்றம் அது. அந்தத் தோற்றமும் அதன் இடமும் சேர்ந்து, நீதிமன்றத்தில் அவர்கள் முன்வைத்த வாதத்தையே வெண்கலத்தில் திரும்பச் சொல்கின்றன. அதைப் பார்த்துவிட்டு, தொடக்கம் முதலே மதிலைக் காத்தவர்கள் இவர்கள்தாம் என்று முடிவுகட்டினால், அங்கே மதிலோரமாகவே நின்று தாக்குதலை எதிர்கொண்ட 69-ஆவது பென்சில்வேனியா ரெஜிமென்ட்டுக்கு அநீதி செய்தவர்களாவோம். எந்தச் சின்னத்தைப் பார்த்தாலும் இதை யார், எந்த ஆண்டில், எந்த விதியின் கீழ் வைத்தார்கள் என்று கேட்டுக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் பழக்கம்.

பெரிய சின்னத்தின் இருபுறமும் சற்றுத் தொலைவில் புல்லில் தாழ்ந்து நிற்கும் சிறு கற்களைப் பலர் கவனிப்பதே இல்லை. கவனிப்போரும் கல்லறைக் கற்கள் என்று கடந்துவிடுகின்றனர். அவை ரெஜிமென்ட் வரிசையின் இடக்கோடியையும் வலக்கோடியையும் குறிப்பவை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தால்தான், தோளோடு தோள் உரச நின்றவர்களின் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தது என்பது காலுக்குத் தெரியும். இடம், வலம் என்பவை பார்வையாளருக்கு உரியவை அல்ல, எதிரியை நோக்கி நின்ற வீரனுக்கு உரியவை என்பதை மறந்தால் களத்தின் திசையே தலைகீழாகிவிடும்.

ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஒரு கல்தான் என்று எண்ணுவதும் சரியன்று. லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் தென்சரிவில் புகழ்பெற்ற சின்னத்தைக் கொண்ட 20-ஆவது மெய்ன் ரெஜிமென்ட்டுக்கு, அன்றிரவு அது ஏறிச் சென்ற பக்கத்துக் குன்றான பிக் ரவுண்ட் டாப்பிலும் ஒரு கல் உண்டு. 1-ஆவது மினசோட்டாவுக்கு மூன்று நினைவுச்சின்னங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பழையது, 1867-இல் தேசிய வீரர் கல்லறையில் வைக்கப்பட்ட தாழி.

கல் இல்லாத இடத்தைப் போர் நடக்காத இடமாகக் கொள்வது இன்னொரு பெரிய பிழை. நினைவுச் சங்கம் வடபகுதியினருடையது. சின்னங்களுக்குப் பணம் தந்தவையும் பெரும்பாலும் வட மாநிலங்களே. பென்சில்வேனியா மட்டும் 1887-இல் தன் ரெஜிமென்ட் ஒவ்வொன்றுக்கும் 1,500 டாலர் ஒதுக்கியது. போர் வரிசை விதியோ, தென்பகுதி ரெஜிமென்ட்டுகளை அவை தாக்கிய இடத்திலிருந்து வெகுதூரம் பின்னால், புறப்பட்ட இடத்துக்குத் தள்ளியது. 20-ஆவது மெய்னை எதிர்த்து அந்தச் சரிவில் ஏறிய 15-ஆவது அலபாமாவின் தலைவர் வில்லியம் ஓட்ஸ், அங்கே தன் தம்பி ஜானைப் பறிகொடுத்தவர். முதுமையில், தன் வீரர்களுக்காக அந்த இடத்தில் ஒரு கல் வைக்க அவர் பெரிதும் முயன்றார். தன் ரெஜிமென்ட் எதுவரை முன்னேறியது என்பதில் மெய்ன் தரப்பின் தலைவர் சேம்பர்லேனுக்கும் அவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை; அனுமதி கிடைக்கவில்லை. அடிமை முறையைக் காக்கப் பிரிந்த அரசின் படை அது என்பதை நான் சற்றும் மறக்கவில்லை. ஆனாலும், சரிவில் ஒரு தரப்பின் கல் மட்டுமே நிற்பதைக் கொண்டு களத்தை அளந்துவிடக் கூடாது.

சின்னங்களில் உள்ள உருவங்களுக்குக் கேள்விப்பட்ட பொருளை ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும். மூவிலைக் குறியைக் கண்டதும் அயர்லாந்துக்காரர் படை என்போர் உண்டு. அது ஒன்றியப் படையின் இரண்டாம் கோர் என்ற பெரும் படைப்பிரிவின் அடையாளம், மினசோட்டாக்காரர்களும் அதையே அணிந்தனர். குதிரைச் சிலையில் ஒரு கால் தூக்கியிருந்தால் தளபதி காயமுற்றவர் என்ற கதையும் நிற்காது: 1998-இல் வைக்கப்பட்ட தென்பகுதித் தளபதி லாங்ஸ்ட்ரீட் சிலையின் குதிரை ஒரு காலைத் தூக்கியிருக்கிறது, அவரோ கெட்டிஸ்பர்க்கில் காயமே படாதவர். 11-ஆவது பென்சில்வேனியா சின்னத்தின் அடிப்பீடத்தில் வெண்கல நாய் ஒன்று படுத்திருக்கிறது. சாலி என்ற அந்த நாய் இங்கே இறந்ததாகப் பலர் சொல்வர். ரெஜிமென்ட் பின்வாங்கிய பிறகும் அது மாண்டவர்களையும் காயமுற்றவர்களையும் விட்டு அகலாமல் களத்திலேயே கிடந்தது. உயிரோடு மீட்கப்பட்டு, 1865 பிப்ரவரியில் வர்ஜீனியாவின் ஹாட்சர்ஸ் ரன் சண்டையில்தான் குண்டடிபட்டு இறந்தது.

கடைசியாக, கையால் செய்யும் தவறுகள். பீடத்தில் ஏறிப் படம் எடுப்பதும், எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும் கல்லையும் வெண்கலத்தையும் மெல்ல அரிக்கும். 2006 பிப்ரவரியில் விஷமிகள் மூன்று சின்னங்களைச் சிதைத்தபோது, 11-ஆவது மாசசூசெட்ஸ் சின்னத்தின் உச்சியில் வாளேந்தி உயர்ந்திருந்த கை உடைந்து விழுந்தது. எழுத்து மங்கலாக இருந்தால், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சென்று நின்றாலே போதும், தொடாமலே படித்துவிடலாம்.