மைக்கில் பாடம் எடுக்காதீர்கள்

போன வாரம் மஞ்சக்குப்பத்தில் கல்லூரி மாணவர்கள் நால்வர் கைப்பேசியில் பிஜிஎம்ஐ ஆடியதைப் பின்னால் நின்று பார்த்தேன். அணியாகச் சேர்ந்து, மைக்கில் பேசிக்கொண்டே எதிரணிகளைச் சுடும் இணைய விளையாட்டு அது. என் பழைய அசட்டுத்தனங்கள் அத்தனையையும் அரை மணி நேரத்தில் செய்து முடித்தார்கள். கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஆட்டத்தின் நடுவே குறை சொல்வது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒருவர் சுடப்பட்டு விழுந்த மறுநொடியே, "அங்கே ஏன் போனாய்? வீட்டுக்குள் இருக்கச் சொன்னேனே!" என்று மைக்கில் ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டால், "நல்லதற்குத்தானே சொன்னேன்" என்பார்கள்.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021இல் பிஜிஎம்ஐ வந்த புதிதில் எங்கள் அணியில் நெல்லிக்குப்பத்துத் தம்பி ஒருவன் இருந்தான். தொலைவிலிருந்து குறிவைப்பதில் அவனை மிஞ்ச எங்களில் ஆளில்லை. அவன் விழும்போதெல்லாம் நான் பாடம் எடுத்தேன். முதலில் பதில் சொன்னான். பிறகு மைக்கை அணைத்தான். அப்புறம், என்னிடம் வாங்கியதை அப்படியே புதிதாகச் சேர்ந்த பள்ளிப் பையன் மேல் இறக்கினான். புதுச்சேரியில் ஒரு போட்டிக்குப் பணம் கட்டியிருந்தோம். முந்தின இரவு விலகிக்கொண்டான். பணமும் போனது, ஆளும் போனான்.

வசை பாடுகிறவர்கள் தனி இனம் என்று நினைத்திருந்தேன். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம் ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது: மோசமான பேச்சில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடுகிறவர்களிடமிருந்தே வந்திருந்தது. எங்கள் தம்பியும் ஒழுங்கானவன்தான். விழுந்தவரைத் தூக்கிவிடுங்கள், எதிரி நிற்கும் திசையைச் சொல்லுங்கள். மற்றதை ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேசலாம், அதுவும் அவர் கேட்டால்.

வம்புக்காரருக்குப் பதில் சொல்வது

வேண்டாம். மியூட் செய்துவிட்டுப் புகார் அனுப்புங்கள்.

சாட் வசதியைத் திறந்தே வைப்பது

அதே நிறுவனம் எதிரணியோடு சாட் செய்யும் வசதியை நீக்காமல், தொடக்கத்தில் அணைந்திருக்கும்படி மட்டும் ஒருமுறை மாற்றிப் பார்த்தது. வேண்டியவர் திறந்துகொள்ளலாம். ஒரே வாரத்தில் மோசமான பேச்சு 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நம் கைப்பேசியிலும் மைக்கையும் ஸ்பீக்கரையும் 'அணி மட்டும்' என்று வைக்க இரண்டு தட்டு போதும்.

ஆட்டத்தின் நடுவே காணாமல் போனவரைத் திட்டுவது

ஐப்பசி மழையில் கடலூரில் மின்சாரம் போனால் மோடமும் அணைந்துவிடும். ஓடிப்போனவன் என்று மூன்று பேர் என்னைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான் இருட்டில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன்.